காண்டலையே நோன்பாகக் கொண்டவர்: இயற்கையறிஞர் மா. கிருஷ்ணன்

திருநெல்வேலிச் சீமையின் நாங்குநேரி வட்டாரம் நம் சமயத்தாருக்குப் புதிய நிலம் அன்று. ஏர்வாடிக்கு அருகே இரட்டைப்பொற்றை என்னும் பாறையில் ஜினர் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைச் செய்வித்தவர் அச்சணந்தி அடிகள் என்பதை அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு அறிவிக்கின்றது. மதுரையைச் சூழ்ந்த ஆனைமலை, அழகர்மலை முதலிய இடங்களிலும் காணப்படும் அதே பெயர் அது. ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக வெயிலிலும் மழையிலும் அத்திருவுருவங்கள் சலனமின்றி அமர்ந்திருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பயிர் விளைகின்றது; ஆடு மேய்கின்றது; பறவை பறக்கின்றது. அனைத்தையும் அறிந்தும் கண்டும், எதனையும் பற்றாது இருப்பதே உயிரின் இயல்பு என்னும் நம் சித்தாந்தத்தை அப்பாறை மௌனமாக உணர்த்திக் கொண்டிருக்கின்றது.

இதே நாங்குநேரி வட்டாரத்தில் கூந்தன்குளம் என்றொரு சிற்றூர் உண்டு. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் பூநாரைகளும் அங்கே வந்து தங்குகின்றன. இமயத்திற்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. குளத்து மரங்களில் மட்டுமன்றி, வீட்டு முற்றத்து மரங்களிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஊரார் பட்டாசு வெடிப்பதில்லை. கூட்டினின்று விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்க்கின்றனர். பறவை எச்சம் கலந்த வண்டல் அவர்தம் வயலுக்கு உரமாகின்றது. இவ்வூர் 1994ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அரசு ஆணை பிறப்பதற்குத் தலைமுறைகள் முன்னரே ஊரார் காவல் பூண்டுவிட்டனர். நாள்தோறும் கண்ணெதிரே கண்டு பழகிய உயிரை வருத்த மனம் வாராது என்பதற்கு இவ்வூரினும் வேறு சான்று வேண்டா.

பார்வையினின்று அமைதியும், அமைதியினின்று அருளும் பிறக்கும் என்பதைத் தம் வாழ்நாள் முழுதும் மெய்ப்பித்த ஒருவர் இதே பொருநை நாட்டில் பிறந்தார். அவர் சமணர் அல்லர். தம் பணியைச் சமயச் சொற்களால் விளக்கியவரும் அல்லர். ஆயினும் சிற்றுயிர்களின் நடமாட்டத்தை அவர் கண்ட விதம் நம் இல்லறத்தார் அறிந்து போற்றத்தக்கது. அவரே இயற்கையறிஞர் மா. கிருஷ்ணன்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். எட்டு மக்களுள் இளையவர். தந்தையார் அ. மாதவையா, தமிழ் நாவல் இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவர், ‘பத்மாவதி சரித்திரம்’ இயற்றியவர். தாமிரபரணிக் கரை நாட்டுப் பெருங்குளம் அவர் பிறந்த ஊர். அரசின் உப்புத்துறையில் அலுவல் பார்த்து, பின் ஓய்வு பெற்று, சென்னை மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறினார். பிறந்த ஊரின் நினைவாக அவ்வீட்டிற்குப் பெருங்குளம் இல்லம் என்றே பெயர் வைத்தார்.

1925ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் தமிழ்க் கல்விக்காக வாதாடிப் பேசி அமர்ந்த மாதவையா அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது 13. தந்தையை இழந்த சிறுவன் உடன்பிறந்தாரின் அரவணைப்பில் வளர்ந்தான். மூத்த சகோதரர் அனந்தநாராயணன் பிற்காலத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். குடும்பம் கல்வியாலும் பதவியாலும் உயர்ந்த குடும்பம். இளையவரின் மனமோ வீட்டுக்கு வெளியே இருந்த புதர்க்காட்டில் ஒன்றியிருந்தது.

அந்நாளைய மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. வீடுகளுக்கு இடையே வெட்டவெளிகளும் முட்புதர்களும் இருந்தன. நரிகள் ஊளையிட்டன, வெளிமான்களும் தென்பட்டன. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரியை வளர்த்தார். பள்ளிப் பாடத்தினும் அக்கீரியின் நடை, நோக்கு, சினம், விளையாட்டு ஆகியவையே அவருக்கு விரும்பிய பாடமாயின.

இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றபின் 1927ஆம் ஆண்டில் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1931இல் பட்டம் பெற்றார். தாவரவியல் பேராசிரியர் பைசன் அவருக்கு வாய்த்த நல்லாசிரியர். ஆசிரியருடன் நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் அலைந்து செடிகொடிகளை இனங்கண்டார். பைசனின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். ஓர் இலையை வரைய வேண்டுமாயின் அதன் நரம்பு, விளிம்பு, காம்பு ஆகிய அனைத்தையும் நின்று நோக்க வேண்டும். விரைந்து செல்வோன் இலையைக் காண்பான். வரைவோன் அந்த ஓர் இலையைக் காண்பான். இப்பயிற்சியே அவர்தம் வாழ்வின் அடித்தளமாயிற்று.

சண்டூர் நாட்களில்

பட்டம் பெற்றும் நிலையான வேலை வாய்க்கவில்லை. சிறு பத்திரிகைகளுக்கு எழுதியும் படம் வரைந்தும் சில ஆண்டுகள் கழிந்தன. 1942ஆம் ஆண்டில் பல்லாரிக்கு அருகிலிருந்த சண்டூர் சமஸ்தானத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலாளர் என ஒன்றன்பின் ஒன்றாகப் பல பொறுப்புகளை வகித்தார்.

அலுவல் பலவாயினும் அவர் உள்ளம் சண்டூர் மலைகளிலேயே திரிந்தது. ஓய்வு நேரமெல்லாம் காட்டில் நடந்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். அஞ்சலுக்குப் பயன்படும் புறாக்களை வளர்த்தார். நீதிபதியாய் அமர்ந்தவர் கோலேந்தி ஆட்டு மந்தையின் பின் செல்வதை ஊரார் வியப்புடன் நோக்கியிருக்கக் கூடும். மேய்ப்பனுக்குரிய கடமையோ பெரும்பாலும் பார்த்திருத்தலே. எந்த ஆடு நொண்டுகின்றது, எது மந்தையை விட்டு விலகுகின்றது, எந்த ஒலிக்கு அனைத்தும் தலை தூக்குகின்றன என்று நாள் முழுதும் அவன் நோக்கியிருக்க வேண்டும். பார்வையில் அயர்ந்தால் உயிர் ஒன்று போய்விடும்.

நாடு விடுதலை பெற்றபின் சண்டூர் சமஸ்தானம் 1949ஆம் ஆண்டில் இந்தியாவுடன் இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் எவரிடத்தும் நிலையான ஊதியத்திற்கு வேலை பார்க்கவில்லை. எழுத்தும் புகைப்படமும் தரும் சிறு வருவாயே போதும் எனத் துணிந்தார். இல்லறத்தானுக்கு இது எளிய துணிபு அன்று. பொருட்பற்றைச் சுருக்கி அளவு செய்து கொள்வதைப் பரிமித பரிக்ரஹம் என்னும் அணுவிரதமாக நாம் போற்றுகின்றோம். கிருஷ்ணன் அப்பெயரால் விரதம் ஏற்றாரில்லை. தாம் விரும்பிய காட்சிக்காக வசதிகளைக் குறைத்துக்கொண்டார். பயன் ஏறத்தாழ ஒன்றே: வேண்டுவன குறையக் குறைய, காண்பதற்கு நேரம் பெருகிற்று.

நாற்பத்தாறு ஆண்டுத் தொடர்

1950ஆம் ஆண்டில் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் ‘கண்ட்ரி நோட்புக்’ என்னும் தலைப்பில் இரு வாரத்திற்கு ஒருமுறை எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு கட்டுரைக்கும் தாமே கோட்டோவியம் வரைந்தார். இப்பணி 46 ஆண்டுகள் தொடர்ந்தது. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அவர் மறைந்தார். அன்றைய இதழ் வரை தொடர் வெளிவந்தது. கணக்கிட்டால் கட்டுரைகள் ஆயிரத்தைத் தாண்டும்.

யானை, காட்டெருமை, சிறுத்தை ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதியது உண்மை. எனினும் வீட்டுக் கொல்லையில் காணும் உயிர்கட்கும் அவர் அதே மதிப்பளித்தார். 1961ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலின் பெயரே காட்டையும் கொல்லைப்புறத்தையும் இணைத்துக் கூறுவதாகும். கூரையில் கரையும் காகம், மதிலில் ஓடும் அணில், விளக்கடியில் காத்திருக்கும் பல்லி ஆகியவற்றை நாம் நாள்தோறும் பார்க்கின்றோம், பார்த்தும் காண்பதில்லை. கிருஷ்ணன் கண்டார். நேரில் கண்டதையே எழுதினார். பிறர் சொல்லக் கேட்டதைத் தாம் கண்டதுபோல் எழுதாத நேர்மை அவர்தம் எழுத்துக்குப் பெருமை சேர்த்தது. உள்ளதை உள்ளவாறு உரைக்கும் சத்திய விரதத்தின் ஒரு கூறு இது.

தமிழிலும் எழுதினார். வேடந்தாங்கலைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் எழுதிய தமிழ்க் கட்டுரைகள் அவர் மறைவுக்குப்பின் தொகுக்கப்பெற்று, ‘மழைக்காலமும் குயிலோசையும்’, ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ என்னும் நூல்களாக வெளிவந்துள்ளன. நம் இல்லங்களில் சிறுவர் கையில் கொடுக்கத்தக்க நூல்கள் இவை.

காணும் முறை

காட்டுயிரைக் காண விரும்புவோன் முதலில் தன் உடலின் அசைவை அடக்க வேண்டும். கை அசைந்தால் பறவை பறந்துவிடும். இருமினால் மான் ஓடிவிடும். அடுத்து நாவை அடக்க வேண்டும். அதன்பின் மனத்தையும் அடக்க வேண்டும். உள்ளம் வேறெங்கோ திரிந்தால், கண் திறந்திருந்தும் எதிரே நிகழ்வது புலப்படாது. மனம், மொழி, மெய் என்னும் மூன்றையும் காத்தலை மூன்று குப்தி என நம் ஆசாரியர் வகுத்துரைத்தனர். ஊற்று எனப்படும் வினைவரவை அடைக்கும் செறிப்புக்கு அவை வாயில்கள். கிருஷ்ணன் வினையுதிர்ப்பைக் கருதி அமர்ந்தாரில்லை என்பது மெய். ஆயினும் மரத்தடியில் நெடுநேரம் அமைந்திருப்போனுக்கு அவ்வடக்கம் தானே கைகூடுகின்றது. சினமும் விரைவும் கொண்டு எவராலும் பறவையைக் கண்டிருக்க இயலாது.

அவர் பயன்படுத்திய கேமராவும் இதற்கு ஏற்றதாகவே இருந்தது. ஒன்றின் உடலும் மற்றொன்றின் லென்சும் சேர்த்துத் தாமே பொருத்திக்கொண்ட பெரிய கருவி அது. கறுப்பு வெள்ளைப் படங்களையே பெரிதும் எடுத்தார். கனத்த கருவியைத் தூக்கிக்கொண்டு விரைய முடியாது. தட்டித் தட்டி நூறு படங்கள் எடுக்கவும் முடியாது. காத்திருந்து, தக்க கணம் வாய்க்குங்கால் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். துப்பாக்கி ஏந்திக் காட்டிற்குள் புகுவதே வீரம் என எண்ணப்பட்ட காலத்தில், ஓர் உயிரையும் குறைக்காமல் காட்டினின்று மீளும் வழியை அவர் காட்டினார்.

நடுநிலை நோக்கு

இவ்விடத்தில் நம்மனோர்க்கு ஓர் ஐயம் எழக்கூடும். இயற்கையில் உயிர் உயிரைக் கொன்று தின்கின்றதே. அதனை நோக்கியிருப்பது அறமாகுமா? பருந்து புறாவைக் கவர்கின்றது. பாம்பு தவளையை விழுங்குகின்றது. காண்பவன் உள்ளத்தில் இன்ன உயிரின்பால் அன்பும் இன்ன உயிரின்பால் வெறுப்பும் தோன்றுதல் எளிது.

நம் ஆசாரியர்கள் நான்கு பாவனைகளை வகுத்தனர். எல்லா உயிர்களிடத்தும் நட்பு, குணத்தால் உயர்ந்தோரிடத்து மகிழ்ச்சி, துன்புறுவோரிடத்துக் கருணை, திருத்த இயலாதாரிடத்து நடுநிலை. இவற்றுள் நான்காவதான மாத்யஸ்த பாவனை கடைப்பிடிப்பதற்கு அரியது. கருணையைக் கைவிடாமலே வெறுப்பை விடுதல் அதன் நுட்பம். பருந்து தன் பிறவிக்குரிய உணவைத் தேடுகின்றது. அதற்கு விரதம் இல்லை, விலக்கும் இல்லை. விரதம் ஏற்கும் பேறு பெற்ற மானிடன் தன் செயலையே முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். இயற்கையைப் பொறுமையுடன் நோக்குவோன் பருந்தைப் பகைக்கவும் மாட்டான். அதனைக் காட்டித் தன் கொலைத்தொழிலுக்கு நியாயம் கற்பிக்கவும் மாட்டான்.

கிருஷ்ணனின் எழுத்துகளில் விலங்குகளை நல்லன, தீயன எனப் பிரித்துக் காட்டும் போக்கு இல்லை. ஒவ்வோர் உயிரும் தன் நிலத்தில் தன் முறைப்படி வாழ்வதை அவர் மதித்தார். அழகிய விலங்கு ஒன்றை மட்டும் காத்து, அது வாழும் புல்லையும் புதரையும் அழிப்பதை அவர் ஏற்கவில்லை. அயல்நாட்டுப் பூமரங்களைக் கண்ட இடமெல்லாம் நடும் வழக்கத்தைக் கண்டித்து, அந்தந்த மண்ணுக்குரிய மரங்களே வேண்டும் என வற்புறுத்தினார். அது பலருக்கும் பிடிக்காத கருத்து; ஆயினும் அவர் தளரவில்லை. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாய் நிற்பன என்னும் நம் ஆகமக் கொள்கைக்கு மிக அணித்தாக அவர் தம் கண்ணறிவு கொண்டே வந்து சேர்ந்தார். ஓரறிவுயிராகிய புல்லை விட்டு ஐயறிவுயிராகிய மானைக் காக்க முடியாதன்றோ!

பார்வை காவலாக மாறியமை

1968ஆம் ஆண்டில் ஜவகர்லால் நேரு ஆய்வுநல்கை அவருக்கு வழங்கப்பெற்றது. அதனைக் கொண்டு தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெருவிலங்குகள் எந்நிலையில் உள்ளன என்பதைக் காடுகாடாகச் சென்று ஆராய்ந்தார். அவ்வாய்வு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இந்திய வனவிலங்கு வாரியத்தின் உறுப்பினராகவும் பணியாற்றினார். 1995ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் ‘குளோபல் 500’ மதிப்புப் பட்டியலில் இடம் பெற்றார்.

இச்சிறப்புகள் யாவும் பின்னர் வந்தவை. முன்னர் வந்தது பார்வை. எங்கு எத்தனை யானைகள் நடமாடின, எந்த நீர்நிலை வற்றிற்று, எந்தக் காடு சுருங்கிற்று என்பதைப் பல்லாண்டு நோக்கிவந்தவர் சொல்லுக்கே அரசும் அறிஞரும் செவி சாய்த்தனர். வேடந்தாங்கலிலும் இதே கதை. ஏரியில் தங்கும் பறவைகளின் எச்சத்தால் நீர் உரமேறி வயல் செழிப்பதை அவ்வூர் உழவர் பல தலைமுறைகளுக்கு முன்பே கண்டுணர்ந்தனர். 1798ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸிடம் பறவைகளுக்குக் காவலாணை பெற்றனர். கண்டவர் காத்தனர்.

நம் கடமை

ஈரியா சமிதி என்பது நடக்கும்போது நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி, உயிர்க்கு ஊறுபடாமல் அடி வைத்தல். முனிவர்க்குரிய இவ்வொழுக்கம் காண்டலையே அடிப்படையாகக் கொண்டது. நீரை வடிகட்டிப் பருகுவதும் இரவு உணவைத் தவிர்ப்பதும் கண்ணுக்குப் புலனாகா உயிர்களையும் மனத்தால் கண்டு செய்யும் ஒழுக்கங்கள். மும்மணிகளுள் முதலாவதற்குத் தமிழ்ச் சான்றோர் நற்காட்சி எனப் பெயரிட்டனர். தத்துவங்களில் கொள்ளும் உறுதியே அதன் பொருள். வெறும் கண்பார்வை அன்று. எனினும், எதிரே நெளியும் புழுவையும் காணாதவன், உயிர் உண்டு என்னும் தத்துவத்தில் எங்ஙனம் உறுதி கொள்வான்?

செஞ்சி, வந்தவாசி, திண்டிவனம் வட்டாரத்து நம் முன்னோர் உழவர்கள். களத்துமேட்டையும் ஏரிக்கரையையும் நாள்தோறும் நோக்கி வாழ்ந்தனர். எந்தக் குருவி எப்போது கூடு கட்டும் என்பதை ஏட்டில் படிக்காமலே அறிந்திருந்தனர். இன்று நம் பிள்ளைகள் பெருநகர்களின் அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். அஹிம்சா பரமோ தர்மம் என்று பாடசாலையில் ஒப்பிக்கின்றனர். எந்த உயிரின்பால் அஹிம்சை என்று கேட்டால், கண்டு பழகிய உயிர் ஒன்றையேனும் பெயர் சொல்ல அவர்களால் இயலுமா? காணாத உயிருக்காக மேற்கொள்ளும் விரதம் வெறும் சடங்காய்ச் சுருங்கிப் போகும். இதுவே நாம் இப்போது எதிர்கொள்ளும் இடர்.

இதற்கு மாற்று பெரிதன்று. சாமாயிகத்திற்கு நாம் வகுத்துக்கொண்ட காலம் ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம். அமர்ந்தவுடன் மனம் அடங்குவதில்லை என்று பலர் குறைப்படுகின்றனர். அவர்கள் அதற்குமுன் சிறிது நேரம் மாடியிலோ முற்றத்திலோ பேசாது அமர்ந்து, எதிரே உள்ள ஒரு மரத்தையும் அதில் வந்து போகும் உயிர்களையும் விருப்பு வெறுப்பின்றி நோக்கிப் பழகலாம். பிள்ளைகளையும் உடன் அமர்த்திக் கொள்ளலாம். வெளியே உள்ளதை நடுநிலையுடன் காணப் பழகிய கண், பின்னர் உள்ளே எழும் எண்ணங்களையும் அவ்வாறே காணும். எண்ணத்தைக் காண்பவன் அதனோடு ஓடமாட்டான்.

கிருஷ்ணன் துறவியல்லர், இல்லறத்திலிருந்தே 46 ஆண்டுகள் இடையறாது கண்டும் எழுதியும் வந்தார். மயிலாப்பூர் வீட்டின் கொல்லையும் அவருக்குக் காடாயிற்று. நம் வீட்டு வேப்பமரமும் நமக்கு அங்ஙனம் ஆதல் கூடும். அதில் ஓடும் அணிலின் உயிரும் நம் உயிரும் அறிவும் காட்சியும் இயல்பாக உடைய ஓரினம் என உணர்ந்து நோக்கினால், அமைதியும் தயையும் ஒருங்கே வாய்க்கும்.

அறம் வளர்க! உயிரினம் வாழ்க!